அணைத்த பிறகும் அடித்த அண்டா

அத்தியாயம் 7

யோசெப்பின் ஆன்ட்டி நாற்காலியில் உட்காரவே இல்லை. குளிர்கோட்டையும் கழற்றவில்லை. படியேறி வந்த வேகத்தில் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி, "அவன் உள்ளுக்குப் போகவேணும், தங்கச்சி. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்" என்றார்.

"ஆர் அவன்?" சிறிதேவி அக்கா தன் தேநீர்க் கோப்பையை அவர் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்திக்கொண்டார்.

"லூக்காஸ். எங்கடை பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன். என்ரை மனுசனைக் கரண்டிலை கொல்லப் பாத்தவன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நாளாக எங்களுக்கு வந்த கேஸ்கள் ஒரு காணாமல் போன பூனையும், ஒரு கல்யாணத் தரகர் அளந்த புளுகும்தான். பூனை தானாகவே திரும்பி வந்துவிட்டது. கொலை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குக் குளிர்கூடக் கொஞ்சம் விட்டது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் சாய், ஊர் சேலம். ஓஸ்லோவுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவனைக் கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை கேக் வெட்டி வெளியே அனுப்பியது. அந்த மேனேஜரை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. அதனால் பழிவாங்கத் துடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஒரு தனிப் பாசம். சிறிதேவி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காகப் பல வருஷம் எரிந்த வீடு, வெள்ளம் புகுந்த நிலவறை என்று அலைந்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்துக் கொடுத்தவர். இப்போது குரோருட்டில் ஒரு தமிழ் மளிகைக் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறார். கார் ஓட்டுவது, படம் எடுப்பது, வாயை மூடிக்கொண்டிருப்பது என்று எனக்கு மூன்று வேலை. மூன்றாவது இன்னும் கைவரவில்லை.

"முதல்லையிருந்து சொல்லுங்கோ, யோசெப்பின் அக்கா."

ஆன்ட்டி சொன்னார். அவருடைய கணவர் அருளானந்தன், மன்னார்க்காரர். எல்லிங்ஸ்ருட்டில் வரிசை வீடு. வீட்டு நிலவறையில் அவரும் லூக்காஸும் கூட்டாளிகளாகச் சேர்ந்து, மின்சாரத்தில் பியர் காய்ச்ச ஒரு அமைப்பைச் செய்தார்கள். எதையும் புதிதாக வாங்கவில்லை, எல்லாம் யாரோ கழித்துப் போட்ட சாமான். முதல் பியர் அருமையாக வந்து, தெருவே வந்து குடித்தது. அதற்குப் பிறகு காய்ச்சியதெல்லாம் நாசம். ஒரு தடவை உப்புக் கரித்தது, அடுத்த தடவை வினிகர் வாடை. அருளானந்தன் லூக்காஸைச் சந்தேகப்பட்டார். வாய்ச் சண்டை முற்றி, லூக்காஸ் வருவது நின்றுபோனது.

"போன மாதம் இவர் தனியக் காய்ச்சினவர். மூடியைத் திறந்து பாப்பம் எண்டு கையை வைச்சார், தூக்கியெறிஞ்சு போட்டுது. சுவிச்சை நிப்பாட்டிப்போட்டுத்தான் தொட்டனான் எண்டு சொல்லுறார், தங்கச்சி! நிப்பாட்டின சாமான் ஏன் அடிக்குது? ஆரோ வேலை பாத்திருக்கிறாங்கள். வேலை தெரிஞ்சவன் ஆர்? அவன். கீழறைத் திறப்பு ஆரிட்டை இருக்கு? அவனிட்டை."

'திறப்பு' என்றால் சாவி. அது புரிய எனக்கு ஆரம்பத்தில் ஒரு வாரம் ஆயிற்று.

"அருளண்ணைக்கு இப்ப எப்பிடி?" என்றார் அக்கா.

"உயிர் தப்பிட்டார். ஆனால் வலக்கையிலை ரெண்டு விரல் மடங்குதில்லை. தமிழ்ப் பூசையிலை ஓர்கன் வாசிக்கிற கை, தங்கச்சி." அந்த ஒரு இடத்தில்தான் ஆன்ட்டியின் குரல் தடுமாறியது. அடுத்த நொடியே பல்லைக் கடித்துக்கொண்டார். "அவன்ரை முதலாளிக்கு நானே போன் எடுத்துச் சொல்லிப்போட்டன். அந்தப் பொம்பிளை அவனை வேலையாலை நிப்பாட்டி வைச்சிருக்கு. இண்டைக்குப் பின்னேரம் பொலிசுக்குப் போறன். கையிலை சாட்சி வேணும். அவன் இனி இந்த நாட்டிலை ஒரு பல்ப்கூட மாட்டக்கூடாது."

"அவன் செய்யேல்லை எண்டு வந்தால்?"

"அவன்தான் செய்தவன்."

அக்கா கோப்பையில் மிச்சமிருந்த தேநீரைக் குடித்து முடித்தார். "சரி, போய்ப் பாப்பம். சாய், காரை எடும். அங்கை வந்து நீர் வாயைத் திறக்கப்படாது."

எங்கள் ஊரில் 'நீர்' என்று நாடகத்து ராஜாதான் மந்திரியைக் கூப்பிடுவார். அக்கா தினமும் என்னைக் கூப்பிடுகிறார். சம்பளம் மட்டும் மந்திரிக்குரியதாக இல்லை.

*

எல்லிங்ஸ்ருட்டில் பனி முழங்கால் வரை கிடந்தது. வீட்டுப் பக்கவாட்டில் நாலு படி இறங்கினால் நிலவறைக் கதவு. அதற்கு முன்னால் சின்ன நடை, அதில் ஒரு சப்பாத்துத் தட்டு, எங்கள் ஊரில் ஷூ ஸ்டாண்ட். சம்பவத்துக்குப் பிறகு கதவில் ஆன்ட்டி தன் பங்குக்கு ஒரு பூட்டுப் போட்டு வைத்திருந்தார். அதைத் திறந்துவிட்டார்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு வாயெல்லாம் பல். என்ன மூளையப்பா! நடுவில் ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா, ஒரு கல்யாண வீட்டுக்கே சோறு வடிக்கலாம். அடிப்பக்கம் ஓட்டை போட்டு, பழைய வெந்நீர்த் தொட்டியிலிருந்து பிடுங்கிய சூடாக்கும் கம்பியைச் சொருகியிருந்தார்கள். தண்ணீரைச் சுற்றவிட ஒரு பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் பம்பு. சூட்டை அளவாக வைக்க, யாரோ தூக்கியெறிந்த நீராவிக் குளியல் அறையின் வெப்பப் பெட்டி. தானியத்தை ஊறப்போட ஜன்னல் வலைத் திரையில் தைத்த பை. அண்டாவின் சூடு ஆறாமலிருக்க அதற்கு ஒரு பிள்ளையின் பனிக்கால முழு உடுப்பை மாட்டி, இரண்டு கையையும் முன்பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். காய்ச்சி ஆறிய பிறகு அதே அண்டாவில் மூடி போட்டு, ஈஸ்ட் சேர்த்து, நாள்கணக்கில் அப்படியே விட்டுவிடுவார்களாம்.

"சூப்பர் அண்டா, ஆன்ட்டி! யாருது?"

"கிடாரம்" என்று திருத்தினார் ஆன்ட்டி. "என்ரை." அடியிலிருந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "நீங்கள் மேலை போய் அண்ணையோடை இருங்கோ. நாங்கள் வாறம்" என்று அனுப்பிவிட்டார்.

முதலில் பியூஸ் கழற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்தோம். சம்பவத்தன்றே எதிர் வீட்டார் கழற்றியதாம், யாரும் திரும்பப் போடவில்லை. அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு அண்டாவின் முன்னால் குந்தினார்.

"இது லூக்காஸ் செய்த பெட்டி" என்று சுவரிலிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியைக் காட்டினார். உள்ளே கம்பிகள் தலை சீவி விட்டது போல ஒழுங்காக ஓடின. முன்பக்கம் ஒரு பெரிய சிவப்புச் சுவிட்ச், ஆன் ஆகவே இருந்தது. "வடிவான வேலை. இப்ப இதைப் பாரும்."

அண்டாவின் மூடிக் கைப்பிடியில், உடுப்பின் மடிப்புக்குள் மறைத்து, ஒரு மெல்லிய வெள்ளைக் கம்பி சுற்றியிருந்தது. சூடாக்கும் கம்பிக்குப் போகிற இணைப்பில் கொண்டுபோய் அதை முறுக்கி, டேப் ஒட்டியிருந்தார்கள். அண்டாவின் எர்த் கம்பியைக் கழற்றி ஓரமாக மடித்து வைத்திருந்தது. மூடியைத் தொட்டவன் தொலைந்தான்.

"அடப்பாவி!" என்றேன். "அக்கா, அந்த லூக்காஸைச் சும்மா விடக்கூடாது. ஆன்ட்டி கேக்கறது நியாயம்தான்."

"கொஞ்சம் பொறும். இன்னொரு வெள்ளைக் கம்பியும் ஓடுது." பெட்டிக்கு வரும் மின்சாரத்தை இடையில் வெட்டி, ஒரு இழை சுவர் ஓட்டை வழியாக வெளியே போயிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனோம். நடையில் சப்பாத்துத் தட்டுக்குப் பின்னால், ஒரு ஜோடி பனிச் சப்பாத்தின் மறைவில் முடிந்தது. அங்கே ஒரு குட்டிச் சுவிட்ச்.

"சாய், உம்மடை சாமான் இருக்கே?"

என் சாமான் என்றால் டெஸ்டர். சேலத்திலிருந்து வரும்போது அப்பா பெட்டியில் போட்டுவிட்ட ஸ்க்ரூடிரைவர், கரண்ட் இருந்தால் உள்ளே குட்டி விளக்கு எரியும். இந்த நாட்டில் எனக்குள்ள ஒரே அசையும் சொத்து. அக்கா பியூஸைப் போட்டார். நான் சப்பாத்துத் தட்டுக்குப் பின்னால் கையை விட்டுச் சுவிட்சை அணைத்தேன். திரும்பி வந்து, டெஸ்டர் நுனியை அண்டா மூடியில் வைத்தேன்.

விளக்கு எரிந்தது.

"அக்கா! ஆஃப் பண்ணியாச்சே!"

"ஓம். அவரும் அப்பிடித்தான் நினைச்சவர்." அக்கா பியூஸைக் கழற்றினார். "உங்கடை ஊரிலை வீட்டுக்கு வாற ரெண்டு கம்பியிலை எத்தினையிலை கரண்ட்?"

"ஒண்ணுல கரண்ட். இன்னொண்ணு சும்மா நியூட்ரல். அந்த ஒண்ணைக் கட் பண்ணிட்டா தொடலாம், ஒண்ணும் ஆகாது."

"யாழ்ப்பாணத்திலையும் அப்பிடித்தான், மன்னாரிலையும் அப்பிடித்தான். இஞ்சை பழைய வீடுகளிலை ரெண்டு கம்பியிலையும் கரண்ட். ஒண்டை வெட்டினால் மற்றதாலை சுத்தி வந்து நிக்கும். அதுதான் இஞ்சத்தை ஆக்கள் ரெண்டையும் ஒரேயடியா வெட்டுற சுவிச் போடுவினம். பெட்டியிலை இருக்கிற சிவப்பன் அப்பிடி. சப்பாத்துக்குப் பின்னாலை இருக்கிறது ஒண்டைத்தான் வெட்டுது."

நான் யோசித்தேன். எனக்கு யோசனை வந்தால் உடனே வெளியே வந்துவிடும். "புரிஞ்சுடுச்சு அக்கா. லூக்காஸ் பெரிய கேடி. மாட்டிக்கக் கூடாதுன்னு வேணும்னே நம்ம ஊர்க்காரன் மாதிரி வயரிங் பண்ணியிருக்கான்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அன்பு இருந்தது என்று சொல்ல முடியாது. "மூடியைத் திறவும். உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு பாப்பம்."

மூடியைத் தூக்கினேன். புளித்த வாடை முகத்தில் அறைந்தது. சுவையும் பார்த்தேன், அது என் தலையெழுத்து. உப்பில்லை, வினிகரில்லை. பல் கூசுகிற மாதிரி ஒரு புளிப்பு. அக்கா நீளக் கரண்டியால் அடியைத் துழாவி எதையோ எடுத்தார். காய்ந்து சுருங்கி, பிறகு ஊறி உப்பிய கறுப்புத் துண்டு, காது மடல் அளவு. அதை மூக்கருகில் கொண்டுபோனவர் சிரித்தார்.

"என்னக்கா அது?"

"உமக்குத் தெரியாது. நீங்கள் குழம்புக்கு வேறை புளி விடுற ஆக்கள்." கடதாசிக் கைக்குட்டையில் அந்தத் துண்டைப் பொத்திக் கோட்டுப் பைக்குள் வைத்தார். எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. அக்காவிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் இதுதான்.

*

லூக்காஸ் தன் வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தான். அள்ளிய பனியை எறிந்த விதத்தில், அது யாருடைய முகமாகவோ அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முப்பது வயது இருக்கும். நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று சொன்னதும் மண்வெட்டியைத் தரையில் குத்தி நிறுத்தினான். அவன் பேசிய நோர்வேஜிய மொழியில் எனக்குப் பாதிதான் புரிந்தது, மீதியை அக்கா சொன்னார்.

"நான் செய்தேன் என்கிறார்களா? என் வேனைப் பறித்துவிட்டார்கள். ஆளைக் கொல்லப் பார்த்த மின்வேலைக்காரன் என்று ஒரு தடவை பெயர் வந்தால் எந்த வீட்டில் என்னை உள்ளே விடுவார்கள்? எம்மா இன்று மாலை வரைதான் தவணை தந்திருக்கிறாள். அதற்குள் தெளிவாகவில்லை என்றால் என்னை நீக்கிவிடுவாள்." எம்மா என்பது அவன் முதலாளி. "ஒன்று சொல்கிறேன். இது முடியட்டும். அந்தக் குடும்பத்தை நீதிமன்றப் படியேற்றாமல் விடமாட்டேன்."

"அருளானந்தனின் பியரைக் கெடுத்தது நீயா?" என்றார் அக்கா.

"என் பியரும்தானே அது! அந்தப் பம்பைக் கண்டுபிடிக்க நான் ஒரு மாதம் குப்பை கிளறினேன்." சொல்லும்போது மண்வெட்டியை ஒரு உதை விட்டான். பாவமாக இருந்தது. ஆனாலும் நான் ஆன்ட்டி கட்சி என்பதால் முறைத்தபடியே நின்றேன்.

"நிலவறைச் சாவி உன்னிடம்தான் இருக்கிறதாம்."

"இல்லையே! சண்டை போட்ட மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு முன்பே."

"அருளானந்தனிடமா?"

"அவர் முகத்தில் யார் முழிப்பார்கள்? அவர் மனைவியிடம். கையிலேயே கொடுத்தேன்."

நான் ஆன்ட்டி கட்சியிலிருந்து விலகியது அந்த இடத்தில்தான். அக்கா மட்டும் ஆச்சரியப்படவே இல்லை. "இன்னும் அரை மணி நேரத்தில் அவர்கள் வீட்டு மணியை அடி. கையில் போன் இருக்கட்டும்" என்று அவனிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

*

வரவேற்பறையில் மாதா சொரூபத்தைச் சுற்றிச் சின்ன பல்புகள் எரிந்தன. சோபாவில் அருளானந்தன் சாய்ந்திருந்தார். வலது கையில் கட்டு, அதற்கு வெளியே விறைத்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு விரல்கள். ஆன்ட்டி கோட்டும் கழுத்துத் துணியுமாகக் கிளம்பத் தயாராக நின்றார்.

"சாட்சி கிடைச்சுதே, தங்கச்சி?"

"கிடைச்சுது. அண்ணை, ஊரிலை நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்?"

அருளானந்தனுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. "மன்னாரிலை கோயில் திருநாளுக்கு லைட் கட்டினனான். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"சும்மா கேட்டனான். இன்னொண்டையும் சொல்லுங்கோ. சப்பாத்துத் தட்டுக்குப் பின்னாலை ஒரு சுவிச் ஒளிச்சு வைச்சிருக்கு. உங்களைக் கொல்ல வந்தவனுக்கு, கரண்டை நிப்பாட்டுற சுவிச் என்னத்துக்கு?"

அவர் கட்டுப்போட்ட கையை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கொல்லுறவன் கம்பியைக் கட்டிப்போட்டுப் போயிடுவான். அந்த அறைக்குள்ளை தானும் பத்திரமாப் போய் வரவேணும் எண்டு நினைக்கிறவனுக்குத்தான் வெளியிலை சுவிச் வேணும். அறைக்குச் சொந்தக்காரனுக்கு. ஊரிலை லைட் கட்டின மாதிரி ஒரு கம்பியை வெட்டிப்போட்டு, நிப்பாட்டியாச்சு எண்டு நம்பிக் கையை வைச்ச ஆளுக்கு. லூக்காஸ் மாட்டின சிவப்புச் சுவிச்சை நிப்பாட்டியிருந்தால் உங்களுக்கு ஒண்டும் நடந்திராது, அண்ணை."

ஆன்ட்டி கணவரைத் திரும்பிப் பார்த்தார். "இஞ்சாருங்கோ, தங்கச்சி என்ன சொல்லுது?"

அருளானந்தன் முதலில் குனிந்துகொண்டார். பிறகு முகம் சிவக்க நிமிர்ந்தார். "ஓம், நான்தான் கட்டினனான்! இப்ப என்ன? என்ரை பியரை ரெண்டு தரம் நாசமாக்கினவன். ஒரு தட்டுத் தட்டினால் இனி அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கமாட்டான் எண்டு நினைச்சன். சாகடிக்கிறதுக்கு இல்லை. கையிலை நல்லாக் குடுக்கிறதுக்கு."

"கை போனது உங்கடை கை!" ஆன்ட்டி கத்தினார். "நான் பொலிஸ் எண்டும் முதலாளி எண்டும் ஓடித் திரிஞ்சன், ஒரு வாய் திறந்தியளே?"

"ஏன் திறக்கோணும்? அவன் செய்த வேலைக்கு அவன்ரை பேர் போனால் போகட்டும் எண்டு இருந்திட்டன். பியரிலை கை வைச்சது அவன்தானே!"

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். தானே வைத்த பொறியில் தானே மாட்டிக்கொண்டு, அதற்கான தண்டனையையும் அடுத்தவன் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார். எனக்கு என் பழைய மேனேஜர் ஞாபகம் வந்து ரத்தம் கொதித்தது.

அக்கா அவசரப்படவில்லை. "சாய், குசினியிலை ஒரு பீங்கான் எடுத்துக்கொண்டு வாரும்" என்றார். நான் சமையலறையிலிருந்து ஒரு சின்னத் தட்டை எடுத்து வந்தேன். அக்கா கோட்டுப் பையிலிருந்த கைக்குட்டையைப் பிரித்து, அந்தக் கறுப்புத் துண்டைத் தட்டில் போட்டு அருளானந்தன் முன்னால் வைத்தார். "உங்கடை கடைசிப் பியரின்ரை அடியிலை கிடந்தது."

அவர் இடது கையால் அதைத் தொட்டுப் பார்த்தார். மூக்கருகில் கொண்டுபோனார். "கொறுக்காய்" என்றார் மெதுவாக. பிறகு எனக்காக அக்கா சொன்னார்: "மீன் குழம்புக்குப் போடுற புளி, சாய். தமிழ்க் கடையிலைதான் வாங்கலாம்."

"லூக்காஸ் வீட்டிலை மீன் குழம்பு வைக்கிறேல்லை, அண்ணை" என்றும் சொன்னார்.

அப்போதுதான் ஆன்ட்டி உட்கார்ந்தார். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த மனுஷி, பக்கத்திலிருந்த நாற்காலியில் மெல்ல அமர்ந்தார். அருளானந்தன் திரும்பிய வேகத்தில் கட்டுப்போட்ட கை சோபாவில் இடித்து, வலியில் முனகினார். "நீயோ?"

"நான்தான்." குரலில் நடுக்கமே இல்லை. "உப்பும் நான். வினாகிரியும் நான். அவன் திருப்பித் தந்த திறப்பை உங்களுக்குக் காட்டாமல் வைச்சிருந்ததும் நான். கரண்ட் வேலை மட்டும் அவன் கள்ளத் திறப்பு வெட்டி வந்து செய்ததெண்டு நம்பினனான்."

"என்னத்துக்கடி? நான் உனக்கு என்ன செய்தனான்?"

"என்ன செய்தனீங்களோ!" ஆன்ட்டி எழுந்தே விட்டார். "அந்தக் கிடாரம் என்ரை. பெரிய வெள்ளிக்குச் சனத்துக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுக்கிறதுக்கெண்டு நான் ஊரிலையிருந்து கப்பலிலை எடுப்பிச்ச கிடாரம். ஒவ்வொரு வருசமும் என்ரை கையாலைதான் கஞ்சி. போன பெரிய வெள்ளி விடியக் காலமை, கோயில் குசினியிலை அரிசி கழுவிப் போட்டுத் தண்ணியை விடுறன், அடியாலை ஒழுகுது! நீங்கள் துளைச்ச துளையாலை! உவ்வளவு பொம்பிளையளும் பாத்துக்கொண்டு நிக்கினம். ஒருத்தி சிரிச்சாள். கஞ்சியை வேறை ஆரோ வேறை ஆற்றையோ கிடாரத்திலை காய்ச்சினது. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டியளே? அண்டைக்கு வீட்டை வந்து அழுதனான். நீங்கள் என்ன சொன்னனீங்கள்? 'வேறை கிடாரம் வாங்கலாம்தானே' எண்டு சொல்லிப்போட்டு உந்தப் பம்பைப் பூட்டிக்கொண்டு இருந்தனீங்கள்."

அருளானந்தன் தட்டில் கிடந்த கொறுக்காயை இடது கையால் தள்ளி வைத்தார்.

"பியர் புளிக்கவேணும், புளிக்கவேணும் எண்டு நாள் பாத்துக்கொண்டு இருந்தியள். வடிவாப் புளிக்கட்டும் எண்டுதான் கொறுக்காயைப் போட்டனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் பார்வை என் மேல் விழுந்ததும் இருமலாக மாற்றிக்கொண்டேன்.

"அது எண்டைக்குப் போட்டனீங்கள்?" என்று கேட்டார் அக்கா.

"ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிஞ்சு வந்து."

"அண்ணை எண்டைக்குக் கம்பியைக் கட்டினவர்?"

"திங்கள்" என்றார் அருளானந்தன். சொன்ன பிறகுதான் அவருக்கே அந்தக் கணக்கு விளங்கியது. அவர் முகம் வெளுத்தது. பொறியை ஒரு நாள் முந்தி வைத்திருந்தால், அந்த ஈரச் சிமெந்துத் தரையில் நின்று மூடியைத் தூக்கியிருக்கக் கூடியவர் யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆன்ட்டிக்கும் தெரிந்தது. அவர் தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

வாசல் மணி அடித்தது.

லூக்காஸ் பனிச் சப்பாத்துடன் உள்ளே வரத் தயங்கி, கதவோரத்திலேயே நின்றான். தமிழில் நடந்த எதுவும் அவனுக்குத் தெரியாது. அறையிலிருந்த முகங்களைப் பார்த்துவிட்டு, "முடிந்ததா?" என்று மட்டும் கேட்டான்.

அக்கா ஆன்ட்டியையே பார்த்தார். "பேரைக் கெடுத்தது நீங்கள். துடைக்கிறதும் நீங்கள்தான் துடைக்கவேணும்."

"யோசெப்பின், வேண்டாம்" என்றார் அருளானந்தன். "நாங்கள் எங்களுக்குள்ளை கதைச்சு முடிப்பம். கையின்ரை மருந்துச் செலவுக்குக் காப்புறுதி வராது. களவாக் கம்பி கட்டினது எண்டு என்னை உள்ளுக்கும் போடுவாங்கள். ஆரோ பிழையாக் கட்டிப்போட்டாங்கள் எண்டு சொல்லு, போதும்."

ஆன்ட்டி நேராக லூக்காஸிடம் போனார். அவன் முகத்தைப் பார்த்து, நோர்வேஜிய மொழியில் மெதுவாக, எனக்கே புரிகிற மாதிரிச் சொன்னார்: "நீ செய்யவில்லை. உன் முதலாளியைக் கூப்பிடு. நான் பேச வேண்டும்."

லூக்காஸ் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினான். எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தத்தைக் கூட்டி, போனை அவரிடம் நீட்டினான். எம்மாவின் குரல் கறாராக வந்தது. ஆன்ட்டி ஒளிக்காமல் சொன்னார்: லூக்காஸின் வேலையில் குற்றமில்லை, பொறி வைத்தது வீட்டுக்காரர், அவன் மேல் தான் சொன்ன புகார் பொய். எம்மா அதைத் திரும்ப ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பிறகு, இதை மின்பாதுகாப்புப் பரிசோதகருக்குத் தெரிவிப்பது தன் கடமை என்று சொல்லி, அந்தக் கம்பியைக் கட்டியவரின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்படி கேட்டாள்.

"ஆ" என்று நோர்வேஜிய எழுத்துகளில் கணவர் பெயரைத் தொடங்கினார் ஆன்ட்டி. "எர். ஊ. எல்."

"யோசெப்பின்!" அருளானந்தன் சோபாவிலிருந்து எழ முயன்றார். "நான் உன்ரை மனுசன்!"

ஆன்ட்டி போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"தெரியும். அந்த மூடியிலை நான் கையை வைச்சுச் செத்துக் கிடந்திருந்தால், நீங்கள் ஆற்றை பேரைச் சொல்லியிருப்பியள்?"

அருளானந்தன் லூக்காஸைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான், ஆன்ட்டிக்கு அது போதுமாக இருந்தது. கையை எடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கடைசி எழுத்துவரை சொன்னார், ஓரிடத்தில் எம்மா தப்பாகத் திருப்பிப் படித்ததைத் திருத்தக்கூடச் செய்தார். முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு, கேட்காமலே இன்னொரு பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"இந்த யோசெப்பின் யார்?" என்று எம்மா கேட்டது அறை முழுக்கக் கேட்டது.

"உங்கடை பெடியனைப் பற்றிப் பொய் சொன்னவள்" என்று பழக்க தோஷத்தில் தமிழில் சொன்னவர், பிறகு அதையே எம்மாவுக்கு நோர்வேஜிய மொழியிலும் சொன்னார்.